பெரியப்பாவுக்கு மாசம் 52,000 சம்பளமாம்

எங்க பெரியப்பா மாசம் 52,000 ரூபாய் சம்பளம் வாங்குறார்னு வருமான வரித்துறைக் கணக்குல ரெண்டு வருசமா இருந்திருக்கு. அவருக்கு எழுபது வயசு. காங்கேயம் பக்கத்துல மூணு ஏக்கர், அதுல ஒரு ஏக்கர் கொறங்காடு. பிஏபி தண்ணி வர்ற வருசம் மக்காச்சோளம், வராத வருசம் மாட்டுக்குச் சோளத்தட்டு. மத்த வரும்படின்னா ரெண்டு எருமைப் பாலு. அவ்வளவுதான்.

இந்த 52,000 எப்படித் தெரிய வந்ததுன்னா, 2,000 ரூபாய் வராம நின்னதால.

டவுன்ல இருக்கறவங்களுக்குச் சொல்றேன். பிஎம் கிசான்னு ஒரு திட்டம் 2019லேர்ந்து நடக்குது. நிலம் வச்சிருக்கற விவசாயக் குடும்பத்துக்கு வருசம் 6,000 ரூபாய், நாலு மாசத்துக்கு ஒருக்கா 2,000ன்னு பேங்க்ல போட்டுடுவாங்க. அரசாங்க உத்தியோகத்துல இருக்கறவங்க, 10,000 ரூபாய்க்கு மேல பென்சன் வாங்கறவங்க, டாக்டர், வக்கீல், போன வருசம் வருமான வரி கட்டினவங்க, இவங்களுக்கெல்லாம் கிடையாது. விதி சரிதான். எனக்கு அதுல சண்டையில்ல. விவசாய வருமானத்துக்கு வரி இல்லாததால, வெறும் காட்டை மட்டும் நம்பி இருக்கறவங்க அந்த வரிப் பட்டியல்ல வரவே வாய்ப்பில்ல.

2023 நவம்பர் 15ஆம் தேதி பதினஞ்சாவது தவணை எல்லாருக்கும் வந்தது. பெரியப்பாவுக்கு வரல. ஆதார் கோளாறா இருக்கும்னு நெனச்சோம். அடுத்த வாரமே அக்ரி ஆபீஸ்லேர்ந்து கடுதாசி. நீங்கள் வருமான வரி செலுத்துபவர், தகுதியில்லாமல் பெற்ற ஆறு தவணை, 12,000 ரூபாயைத் திருப்பிச் செலுத்தவும். தவறினால் நடவடிக்கைன்னு கடைசியில ஒரு வரி.

பன்னெண்டாயிரம் சின்னப் பணம் இல்ல. ஆனா பெரியப்பாவை உலுக்கினது பணம் இல்லைங்க. அந்தக் கடுதாசியை மடிச்சு வேட்டி முடிச்சுல வச்சுக்கிட்டு நாலு நாள் யார்கிட்டயும் சொல்லல. எங்க மாவட்டத்துக்காரங்களுக்கு ஞாபகம் இருக்கும், 2020ல இதே திட்டத்துல பல மாவட்டத்துல விவசாயியே இல்லாதவங்க பேரைச் சேர்த்துப் பணம் எடுத்தாங்க, கைது எல்லாம் நடந்தது. டிவியில அதைப் பார்த்து வஞ்சவர் இவர். "அந்தக் கூட்டத்துல என்னையும் சேத்துப்போட்டாங்களே கண்ணு"ன்னார் ஒருநாள், மாட்டுக்குத் தட்டு போட்டுக்கிட்டே, என் மூஞ்சியைப் பார்க்காம.

கட்டிட்டுப் போயிடலாம்னு பெரியம்மா சொன்னாங்க. ஊர்ல பாதிப் பேர் அதைத்தான் சொன்னாங்க. நான் வேண்டாம்னேன். கட்டிட்டா, தகுதியில்லாம வாங்கினேன்னு நாமளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. அதோட அது இந்த 12,000த்தோட நிக்காது. அதே ரேசன் கார்டுலதான் மருமகளும் இருக்கா, அவளுக்கு மாசாமாசம் மகளிர் உரிமைத் தொகை 1,000 வருது. அதுக்கும் குடும்பத்துல வருமான வரி கட்டறவங்க இருக்கக்கூடாது. ஒரு தப்பான வரி ஒரு இடத்துல ஏறினா அங்கேயே உக்கார்ந்திருக்காது, ஒட்டுண்ணி மாதிரி அடுத்த மாட்டுக்கும் தாவும்.

ஆபீஸ்ல இருந்த தம்பி நல்ல பையன். கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினான். "ஐயா, இது நாங்க போட்டது இல்லைங்க, மேல டெல்லியிலேர்ந்து வந்த லிஸ்ட்." எந்த வருசம் வரி கட்டினார், எவ்வளவு கட்டினார்னு கேட்டா அவன்கிட்ட பதில் இல்ல. வரி செலுத்துபவர்ங்கற வார்த்தை மட்டும்தான் அந்தத் திரையில இருந்தது. "வரி கட்டலைன்னு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க"ன்னான். பண்ணாத வேலைக்கு எந்த ஆபீஸ்ல சர்டிபிகேட் கொடுப்பாங்க?

அங்கேயே ஒரு மனு எழுதி, மறுப்பு தெரிவிக்கிறேன், விசாரணை முடியும்வரை வசூலை நிறுத்தி வையுங்கள்னு கேட்டு, நகல்ல சீல் வாங்கினோம். அந்தச் சீல் வாங்க ஒன்றரை மணி நேரம். இந்தப் பதிவுல ஒரே ஒரு விசயத்தை நீங்க எடுத்துக்கறதா இருந்தா அந்தச் சீலை எடுத்துக்குங்க. வாயால சொன்னதுக்கு ஆபீஸ்ல ஞாபகம் கிடையாது. கூடவே பத்து ரூபா கோர்ட் ஸ்டாம்பு ஒட்டித் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துல ஒண்ணு போட்டோம்: எந்த மதிப்பீட்டு ஆண்டு, எவ்வளவு தொகை, எந்தத் தரவு. ஒரு மாசம் கழிச்சு வந்த பதில்ல, வருமான வரித்துறைத் தரவின்படின்னு மூணு கேள்விக்கும் ஒரே பதில்.

அதுக்குள்ள நாங்களே கண்டுபிடிச்சுட்டோம். பெரியப்பாகிட்ட பான் கார்டு உண்டு, நகைக்கடன் வைக்கப் போனப்ப பேங்க்ல கேட்டாங்கன்னு எடுத்தது. அதை ஆதாரோட இணைக்கலைன்னா செல்லாதுன்னு சொன்னதால, 2023 ஜூன்ல ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டி இணைச்சுக் கொடுத்ததே நான்தான். ரெண்டையும் இணைச்சதாலதான் இது இவ்வளவு சுலுவா ஒத்துப்போயிருக்கும்னு நினைக்கிறேன். ஆயிரம் கட்டி வம்பை வாங்கியிருக்கோம்.

வருமான வரித்துறை தளத்துல அவர் பேர்ல பதிவு பண்ணி, 26ஏஎஸ்னு ஒரு படிவம் இருக்கு, அதை எடுத்தேன். நம்ம பான் எண்ணுல யார் யார் எவ்வளவு வரி பிடிச்சுக் கட்டினாங்கங்கற பட்டியல் அது. திறந்தா, திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனி பேரு. 2022-23ல சம்பளம் 6,24,000. பிடித்த வரி 28,392. அதுக்கு முந்தின வருசமும் எட்டு மாசச் சம்பளம்.

கம்பெனி பேரைப் படிச்சதும் பெரியப்பா சிரிச்சுட்டார். 2021 ஆரம்பத்துல, காட்டுல வேலையில்லாத மூணு மாசம், அங்க வாட்ச்மேனா இருந்திருக்கார். சம்பளம் 9,000. "ஒம்பதாயிரத்தைக் குடுக்கறதுக்கே மூணு தடவ நடக்கவிட்டாங்க. இப்ப அம்பத்திரெண்டாயிரம் குடுத்தாங்களாமா?"

ஆடிட்டர் ஆபீஸ் ஒண்ணுக்குப் போனோம். அங்க இருந்தவர் பார்த்துட்டு ஒரு வழி சொன்னார். "இதுல உங்களுக்கு லாபம்தான் ஐயா. டிசம்பர் 31க்குள்ள ரிட்டர்ன் போடலாம். சீனியர் சிட்டிசன், பாலிசி அது இதுன்னு கழிவு காட்டினா 28,392ல பெரும்பகுதி ரீஃபண்டா வரும். அதுல 12,000 கட்டிடுங்க, மீதி கையில." அவர் கிண்டலா சொல்லல, நிஜமாவே உதவறதா நெனச்சுத்தான் சொன்னார். பெரியப்பா எந்திரிச்சுட்டார். "நான் சம்பாதிக்காத காசுங்க அது. எவனோ ஒருத்தன் ஒழச்ச காசு." வெளிய வந்து டீக்கடையில, "அதை வாங்கிட்டா லிஸ்ட்ல இருக்கறது நெசமாயிரும்ல அப்புனு"ன்னார். சட்டம் படிக்காத மனுசன், சட்டத்தைச் சரியாப் பிடிச்சுட்டார். ரிட்டர்ன் போட்டா, அந்தச் சம்பளம் என்னுதுன்னு அவரே எழுதிக் கொடுத்ததா ஆகியிருக்கும்.

அந்தத் தளத்துலயே வருடாந்திரத் தகவல் அறிக்கைன்னு இன்னொண்ணு இருக்கு. அதுல ஒவ்வொரு வரிக்கும் நேரா நம்ம கருத்தைப் பதியலாம். இந்தத் தகவல் வேறு பான் எண்ணுக்கு உரியதுன்னு பதிஞ்சோம். ஆனா 26ஏஎஸ்ல மாறணும்னா, வரி பிடிச்ச கம்பெனிதான் திருத்தின கணக்கைத் தாக்கல் பண்ணணும். வேற யாராலயும் முடியாது.

கம்பெனியில முதல்ல உள்ளயே விடல. மூணாவது தடவை கணக்குப் பிள்ளையைப் பார்த்தோம். அவர் தேடிப் பார்த்துத் தலையில கை வச்சுக்கிட்டார். பெரியப்பா நின்ன பிறகு, அவரோட வேலையாள் நம்பரைப் புதுசா சேர்ந்த ஒரு மெர்ச்சண்டைசருக்குக் கொடுத்திருக்காங்க. பேரை மாத்தினவங்க பான் எண்ணை மாத்தல. அந்தப் பையனோட சம்பளமும் வரியும் ரெண்டு வருசமா பெரியப்பா கணக்குல போயிருக்கு.

இருந்தாலும், பார்க்கலாம், மார்ச்ல கணக்கு முடிக்கறப்ப பண்ணலாம்னு இழுத்தாங்க. எங்களைக் காப்பாத்தினது அந்த மெர்ச்சண்டைசர் தம்பிதான். அவன் ரிட்டர்ன் போட்டிருக்கான், பிடிச்ச வரி அவன் பேர்ல ஏறாததால, வரி பாக்கி கட்டுன்னு அவனுக்கும் நோட்டீஸ் வந்திருக்கு. செஞ்ச தப்பு கம்பெனியோடது. நோட்டீஸ் வந்தது வரி கட்டினவனுக்கும், கட்ட வேண்டாதவருக்கும். ரெண்டு பேரும் சேர்ந்து போய் உக்கார்ந்த அன்னைக்கு, ஒரு மணி நேரத்துல வேலை ஆரம்பிச்சது. 2024 பிப்ரவரி கடைசியில 26ஏஎஸ் காலியாச்சு. அந்த வெத்துத் தாளைப் பிரிண்ட் எடுத்து, கம்பெனி லெட்டர்பேடுல ஒரு விளக்கமும் வாங்கி, அக்ரி ஆபீஸ்ல கொடுத்தோம். மறுபடி சீல்.

அப்புறம் தேர்தல் வந்துருச்சு. மார்ச் 16லேர்ந்து நடத்தை விதி, கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டமெல்லாம் நின்னு போச்சு. ஜூன் வரைக்கும் யாரும் எதையும் நகர்த்தல. நடுவுல ரெண்டு தடவை போன் பண்ணி எப்ப பணம் கட்டறீங்கன்னு வேற கேட்டாங்க. சீல் போட்ட நகலைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பதில் இல்ல.

ஜூன் 18ஆம் தேதி பதினேழாவது தவணை 2,000 வந்தது. ஜூலையில, திருப்பிச் செலுத்தக் கோரிய கடிதம் ரத்து செய்யப்படுகிறதுன்னு மூணு வரியில ஒரு தாள். தவறுக்கு வருந்துகிறோம்ங்கற மாதிரி எதுவும் அதுல இல்ல, நாங்களும் எதிர்பார்க்கல. பெரியப்பா அதை லேமினேசன் பண்ணி ரேசன் கார்டோட வச்சிருக்கார்.

நடுவுல நின்ன ரெண்டு தவணை, 4,000 ரூபாய், இன்னும் வரல. அதைக் கேட்டா, சிஸ்டத்துல தானா வரும்ங்கறாங்க. பெரியம்மா விட்டுத் தொலைங்கறாங்க. வர்ற மாசக் குறைதீர் கூட்டத்துக்கு மனு எழுதி வச்சாச்சு. அன்னைக்குப் பிஏபி தண்ணி முறை இருந்தா மட்டும் நான் காட்டுல நிக்கணும், அவரே பஸ் ஏறிப் போயிக்கறேன்னு சொல்லியிருக்கார்.