மிடியும் இரைச்சலும்

காலால் மிதித்து மந்தர ஸ்தாயியை எழுப்பும் ‘மூக் டாரஸ்’ என்னும் அமெரிக்க மின்னிசைக் கருவியொன்று வாங்க அவாவுற்றேன். 1970களில் வந்த முதல் வகைக்கு 13 மிதிகள். என்னைத் தயங்கவைப்பன இரைச்சலும் மிடியுமே. (வறுமையாகிய மிடி வேறு, அதுவும் உண்டு!)

இரைச்சலுள் ‘உஸ்’ஸென்னும் சீறல் எளிது, உச்சத்தில் ஒலிப்பதாகலின் வடிகட்டினும் மந்தரத்துக்கு ஊறில்லை. நம் நாட்டு மின்சாரத்தின் உறுமலோ நொடிக்கு 50 அதிர்வுடையது. 49 அதிர்வுடைய தாழ்ந்த ‘ஜி’ சுரத்துக்கு அண்டைவீட்டான். அவனை விரட்டினால் சுரமும் உடன் ஓடும். ஆதலின் மிதியினின்றும் காலை எடுத்துச் செவிசாய்த்த பின்னரே விலைபேசல் வேண்டும்.

இசைக்கருவிகள் ஒன்றையொன்று ஏவுதற்குரிய மிடி முறை 1983இல் பிறந்தது. முதல் டாரஸ் அதற்கு மூத்தது, எனவே அம்மொழி அறியாது. எனக்கு வேண்டுவது என் காலுக்கடங்கிய ஒரு குரலே. உறுமாத கருவி கிடைப்பின் மிடியில்லாததையே கொள்வேன், மற்றை மிடி தீர்ந்தபின்.