பிறந்த தேதி என்ன தம்பி?

வடமதுரையில் நாலு பேர் கூடினால் முன்பெல்லாம் மழையைப் பற்றிப் பேசுவார்கள். இப்போது விசாவைப் பற்றிப் பேசுகிறார்கள். சௌந்தரராஜப் பெருமாள் கோயில் பக்கம் டீக்கடையில் உட்கார்ந்தால், பாஸ்போர்ட்டையே கண்ணால் பார்க்காத பெரியவர்கூட லண்டன் சட்டத்தைப் புட்டுப் புட்டு வைப்பார். தெருவுக்கு ஒரு பையன் வெளிநாட்டில் படிக்கிறான். அல்லது படிக்கப் போவதாக அப்பாவை மிரட்டிக்கொண்டிருக்கிறான்.

கேள்வி ஒன்றுதான். அந்த ஊர்க் காலேஜில் படித்த பையனை, அந்த ஊர்க்காரன் வேலை செய்ய விடுவானா, மாட்டானா?

அமெரிக்காவில் ஒரு வருஷம் விடுகிறார்கள். சயின்ஸ், இன்ஜினீயரிங் என்றால் மேற்கொண்டு 2 வருஷம். ஜெர்மனியில் வேலை தேட 18 மாதம். பிரிட்டனில் 2012-ல் சலுகையைப் பிடுங்கினார்கள். 2021-ல் 2 வருஷம் என்று திருப்பிக் கொடுத்தார்கள். 2027 ஜனவரி முதல் விண்ணப்பித்தால் 18 மாதம்தான் என்று மறுபடி கத்தரி போட்டுவிட்டார்கள். "ஃபீஸை மட்டும் வாங்கிக்கிட்டு, படிச்சு முடிச்சதும் கெளம்புன்னா என்னய்யா நியாயம்?" டீக்கடை கொதிக்கும், பாய்லரைவிட அதிகமாக.

நியாயமான கோபம்தான். ஆனால் இதே கேள்வியை நம்ம ஊர்ப் பக்கம் திருப்பிப் போட்டால்?

எங்கள் வீட்டுக்குப் பெயிண்ட் அடிக்க வந்த தம்பிக்கு 28 வயசு. பெயிண்ட் கடை பில்லை ஒரு பார்வை பார்த்தான். "அண்ணே, தள்ளுபடியைக் கழிச்சுட்டுத்தானே ஜி.எஸ்.டி. போடணும்? முழுத் தொகைக்குப் போட்டிருக்காங்க" என்றான். ஐந்நூறு ரூபாய்க்கு மேல் மிச்சம்! பிரஷ்ஷைப் பிடித்த கையில் இவ்வளவு கணக்கா என்று விசாரித்தால், அவனும் பி.காம். நான் படித்த அதே மதுரை காமராஜர் பல்கலைக்கழகம். மார்க்கு என்னைவிட ஜாஸ்தி. (அதை வீட்டில் சொல்லவில்லை.)

"அப்புறம் ஏம்ப்பா இந்த வேலை?"

"நான் முகாம் பையன்ணே."

அப்பா, அம்மா 1990-ல் மன்னாரிலிருந்து படகில் ராமேஸ்வரம் வந்தவர்கள். இவன் பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் திண்டுக்கல் ஜில்லா. பேச்சில்கூட நம்ம ஊர் இழுவைதான். ஆனால் காகிதத்தில் வெளிநாட்டான்.

எப்படி? குடியுரிமைச் சட்டத்தில் இன்கம்டாக்ஸ் மாதிரி ஸ்லாப் இருக்கிறது சார். 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்திருந்தால் பிறப்பாலேயே இந்தியன். அதற்கு மறுநாளிலிருந்து, அப்பா அம்மாவில் ஒருவராவது இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3-லிருந்து, ஒருவர் இந்தியராக இருந்தாலும் போதாது. மற்றவர் சட்டவிரோதமாக வந்தவராக இருக்கக் கூடாது.

மண்டபம் முகாமில் 1986-ல் பிறந்த ஒரு பெண்மணி முதல் ஸ்லாபில் வந்தார். ஹைகோர்ட் வரை போய்ப் பாஸ்போர்ட் வாங்கி, 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் ஓட்டும் போட்டார். நம்ம பெயிண்டர் தம்பி பிறந்தது பத்து வருஷம் லேட். அதற்கு அவன் என்ன செய்வான்?

ஓர் ஆடிட்டர் ஆபீசுக்குப் போயிருக்கிறான். டாலி டெஸ்ட் பாஸ். முகவரியில் 'முகாம்' என்று பார்த்ததும், "சொல்லி அனுப்பறோம் தம்பி" என்றார்களாம். வருஷம் நாலாகிறது, இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்!

வெளிநாட்டார் இங்கே வேலை பார்க்க எம்ப்ளாய்மெண்ட் விசா என்று ஒன்று உண்டு. சம்பளம் வருஷத்துக்கு 16.25 லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. தங்கள் நாட்டுச் சமையல் செய்யும் சமையல்காரர் போன்ற சிலருக்கு விலக்கு. திண்டுக்கல்லில் கணக்கு எழுதுகிறவனுக்கு அந்தச் சம்பளம் கொடுக்கிற முதலாளி இருந்தால், நானே முதல் அப்ளிகேஷன் போடுவேன்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் பாவம். 2021-ல் தமிழக அரசு 317 கோடி ரூபாய்க்குத் திட்டம் அறிவித்தது. 'அகதிகள் முகாம்', 'மறுவாழ்வு முகாம்' ஆனது. 2022-ல் திண்டுக்கல் பக்கம் தோட்டனூத்தில் 321 புது வீடுகள் கட்டிக் கொடுத்தார்கள். மத்திய அரசும் 2025-ல், 2015 ஜனவரி 9-க்குள் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்களை, பாஸ்போர்ட் விசா இல்லை என்று தண்டிக்காமல் விலக்கு கொடுத்தது. நல்ல விஷயங்கள்தான். இருக்க வீடு, ஜெயில் பயம் இல்லை. ஆனால் பட்டத்துக்கேற்ற வேலைக்கு 'நீ எந்த நாட்டான்?' என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

தமிழ்நாட்டு முகாம்களில் 2021 கணக்குப்படி ஏறக்குறைய 58 ஆயிரம் பேர். அதில் எத்தனை பிள்ளைகள் பட்டத்தைச் சுருட்டி டிரங்குப் பெட்டியில் வைத்துவிட்டு, ஏணியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிறார்களோ!

"தம்பி, பன்னெண்டாவது படிக்கிறான்ணே. காலேஜ்ல சேர்த்து விடவா, எங்கூடவே கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்று கேட்டான்.

'படிக்க வை' என்றேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் இறங்கித்தான் போச்சு.

வந்து இரண்டு வருஷம் படித்தவனுக்கு லண்டன்காரன் 18 மாதமாவது எண்ணிக் கொடுக்கிறான். இங்கேயே பிறந்து, இங்கேயே படித்த 28 வயசுப் பையனுக்கு நாம் எத்தனை மாதம் கொடுக்கலாம்? நீங்களே ஒரு கணக்குச் சொல்லுங்கள்.