அந்தமான் சாலையில் ஒரு வலது கை

மோட்டார் சைக்கிளில் நெடுந்தூரம் போய் வந்தவர்கள் முதுகுவலியைப் பற்றி நிறையப் பேசுவார்கள். வலது கையைப் பற்றிப் பேசுவது அபூர்வம். ஆனால் பயணம் முழுக்க விடுமுறையே இல்லாத உறுப்பு அதுதான். இடது கை கிளட்சைப் பிடிக்கும், விட்டுவிடும். கால்களுக்கு கியரும் பிரேக்கும் எப்போதாவது வரும் வேலை. வலது கை மட்டும் ஆக்ஸிலேட்டரை முறுக்கிய நிலையிலேயே மணிக்கணக்கில் பிடித்திருக்க வேண்டும். சற்றுத் தளர்ந்தாலும் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதைப் பழைய இடத்துக்கே இழுத்துக்கொண்டு போய்விடும். சென்னையிலிருந்து தெற்கே கிளம்பினால் திண்டிவனம் தாண்டும்போது மணிக்கட்டில் லேசான உளைச்சல் தொடங்கும். திருச்சி வருவதற்குள் அது விரல்களுக்கு இறங்கிவிடும். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும் சிலருக்கு. வேறு சிலருக்கு மோதிர விரலும் சுண்டுவிரலும். உள்ளங்கையின் அடியில் எந்த நரம்பு அழுந்துகிறது என்பதைப் பொறுத்த விஷயம் அது. முன்சக்கர பிரேக்கையும் இதே கைதான் பிடித்தாக வேண்டும் என்பதால் மரத்துப்போன கை வெறும் அசௌகரியம் அல்ல, ஆபத்து.

இந்தக் கைக்கு ஓய்வு தருவதாகச் சொல்லிச் சில சாதனங்கள் விற்கின்றன. அவை இரண்டு ஜாதி. முதலாவது, கைப்பிடியின் மேல் மாட்டும் ஒரு பிளாஸ்டிக் தகடு. அதன் நாக்கு பின்பக்கமாக நீண்டு உள்ளங்கையின் அடிப்பகுதியைத் தாங்கும். விரல்களால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. கையின் பாரமே ஆக்ஸிலேட்டரை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். கையை எடுத்தால் ஸ்பிரிங் தன் வேலையைச் செய்யும், வண்டி அடங்கும். சில நூறு ரூபாய்தான். இரண்டாவது ஜாதி, பூட்டு. கைப்பிடியை உராய்வால் இறுக்கி, முறுக்கிய இடத்திலேயே நிற்க வைக்கும். கையை எடுத்து உதறலாம், சட்டைப் பொத்தானைப் போடலாம். வண்டி அதே முறுக்கில் ஓடிக்கொண்டிருக்கும். பழைய பிரிட்டிஷ் மோட்டார் சைக்கிள்களில் இதற்கென்றே கைப்பிடிக்கு அடியில் ஒரு திருகு இருந்தது. கையை எடுத்தால் ஆக்ஸிலேட்டர் தானே மூடிக்கொள்ள வேண்டும் என்று 1970களில் அமெரிக்கா விதி செய்தது. திருகு போய் ஸ்பிரிங் நிலைத்தது.

ஒரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இவை பூட்டுவதும் தாங்குவதும் முறுக்கைத்தான், வேகத்தை அல்ல. ஏற்றம் வந்தால் வண்டி திணறும், இறக்கத்தில் பாயும். வேகத்தையே அளந்து நிலைநிறுத்தும் மின்னணு ஏற்பாடு வேறு. ஓசூரில் தயாராகும் டி.வி.எஸ். நிறுவனத்தின் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310இல் 2023இல் அது வந்தது. பிரேக்கைத் தொட்டால் அது விலகிக்கொள்ளும். சில நூறு ரூபாய்ச் சாமானுக்கு அந்த அறிவு கிடையாது.

மொழிபெயர்த்துப் பிழைப்பவனுக்கு இதில் ஒரு சுவாரஸ்யம். ஆங்கிலத்தின் ‘த்ராட்டில்’ தொண்டை என்ற சொல்லின் வழிவந்தது. குரல்வளையை நெரிப்பது என்று பொருள். எஞ்சினுக்குப் போகும் காற்றின் தொண்டையைத் திறந்தும் மூடியும் நெரிக்கிற வால்வு அது. நம்மவர்கள் குரல்வளையை விட்டுவிட்டுக் கையைப் பார்த்தார்கள். ‘முறுக்கு’ என்றார்கள். கோபித்துக்கொண்டு போனவனும் முறுக்கிக்கொண்டுதான் போகிறான். நமது சொல்தான் பொருத்தம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இந்தச் சாதனத்துக்கு அந்தமானில் என்ன வேலை என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. சுற்றுலாப் பயணிகள் வாடகைக்கு வண்டி எடுத்து ஆசைதீரச் சுற்றும் ஹேவ்லாக் தீவில் (2018 டிசம்பரிலிருந்து அதன் பெயர் ஸ்வராஜ் தீவு) படகுத்துறையிலிருந்து ராதாநகர் கடற்கரை சுமார் 12 கி.மீ. மணிக்கட்டு வலிக்கத் தொடங்குமுன் சாலை கடலில் முடிந்துவிடும். பல தீவுகளில் கதை இதுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு: தெற்கே தலைநகரிலிருந்து வடக்கே டிக்லிபூர் வரை சுமார் 330 கி.மீ. நீளும் அந்தமான் டிரங்க் ரோடு. இப்போது தேசிய நெடுஞ்சாலை 4. தலைநகரும் இப்போது போர்ட் பிளேர் அல்ல. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் ஆக்கப்பட்டது. ராஜேந்திர சோழன் படையெடுத்துப் போய் வென்ற அரசின் பெயர். ஆனாலும் பஸ் கண்டக்டரிடம் ‘போர்ட் பிளேர்’ என்றால்தான் சீட்டு சட்டென்று கிழிகிறது.

330 கி.மீ. என்பது நம் ஊர்க் கணக்கில் ஒரு நாள் பயணம்கூட இல்லை. இங்கே அப்படி அல்ல. நான் வடக்கே போனது அரசு பஸ்ஸில், இருட்டு கலையுமுன். முதல் 45 கி.மீ. வயலும் பாக்கும் தென்னையுமாகப் போகிறது. பிறகு ஜிர்க்காடாங் சோதனைச் சாவடி. அங்கே எல்லா வண்டிகளும் வரிசையாக நிற்க வேண்டும். குறித்த நேரங்களில் மட்டும், போலீஸ் வண்டி முன்னே செல்ல, அணியாகப் புறப்பட வேண்டும். மிடில் ஸ்ட்ரெயிட் வரை ஏறக்குறைய 50 கி.மீ. வேகம் மணிக்கு 40 கி.மீ.க்கு மேல் கூடாது. முந்தக் கூடாது. நிறுத்தக் கூடாது. படம் எடுக்கக் கூடாது. இருபுறமும் வானத்தை மறைக்கும் காடு. அது ஜாரவா மக்களின் காடு.

இந்தச் சாலையை விரும்பி வரவேற்றவர்கள் அல்ல அவர்கள். அது போடப்பட்ட காலம் முழுவதும் தொழிலாளிகள் மீது அம்புகள் பாய்ந்தன. 1980களின் முடிவில் சாலை முழுமையடைந்தது. 1990களின் கடைசியில்தான் ஜாரவாக்கள் பகலில், ஆயுதமில்லாமல், குடியேற்றக் கிராமங்களுக்கு வரத் தொடங்கினார்கள். 1999இல் அவர்களிடையே தட்டம்மை பரவியது. 2002 மே மாதம் உச்ச நீதிமன்றம், ஒதுக்கப்பட்ட காட்டுப் பகுதியில் இந்தச் சாலையை மூடச் சொன்னது. சாலை மூடப்படவில்லை. 2012 ஜனவரியில் ஜாரவாப் பெண்களைப் பயணிகளுக்கு முன் ஆடவைக்கும் வீடியோ வெளியாகி உலகம் முழுக்கத் தலைகுனிவு ஏற்பட்டது. 2013 தொடக்கத்தில் நீதிமன்றத் தடையால் சுற்றுலா வண்டிகள் சில வாரங்கள் ஓடவில்லை. பிறகு மீண்டும் ஓடின. 2011 கணக்கெடுப்பின்படி ஜாரவாக்கள் மொத்தம் 380 பேர். ஒரு கல்யாண மண்டபத்தில் பாதிகூட நிரம்பாத கூட்டம்.

பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்து டிரைவரின் காலைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். 50 கி.மீ. தூரமும் அது பிரேக்கின் மேல் மிதந்தபடியே இருந்தது. எந்த வளைவுக்கு அப்பால் சாலையில் யார் நிற்பார்கள் என்று தெரியாது, குழந்தையாகவும் இருக்கலாம். மனிதர்கள் தம் வீட்டு முற்றத்தைக் கடப்பது போலக் கடக்கிற சாலை அது. நாம்தான் விருந்தாளிகள், அதுவும் அழைக்கப்படாத விருந்தாளிகள். சீரான வேகத்துக்காகவே உண்டாக்கப்பட்ட ஒரு சாதனத்துக்கு, முறுக்கிய இடத்தில் நிற்கும் பூட்டுக்கு, இங்கே இடமே இல்லை. 40 கி.மீ. வேகம் சீரான வேகம்தானே என்று வாதாடலாம். அந்த 40 என்பது ஓட்ட வேண்டிய வேகம் அல்ல. எந்த நொடியும் பூஜ்யமாகத் தயாராக இருக்க வேண்டிய வேகம்.

மிடில் ஸ்ட்ரெயிட்டில் நான் போனபோது வண்டிகளைப் படகில்தான் ஏற்றினார்கள். பஸ்ஸும் லாரியும் ஜீப்பும் ஒட்டி நிற்க, பயணிகள் அவற்றின் இடுக்கில். மறுகரை பாராடாங். அதற்கும் அப்பால் ஹம்ப்ரி ஸ்ட்ரெயிட் ஜலசந்திக்கு இப்போது ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் பாலம் இருக்கிறது.

அந்தச் சாதனத்தை நான் கண்டது சாலையின் மறுகோடியில், டிக்லிபூரில். தமிழ் பேசுகிறவர்களைத் தேட வேண்டியதில்லை இந்தத் தீவுகளில். 2011 கணக்கில் மக்கள் தொகையில் சுமார் 15 சதவீதம் தமிழர்கள். வங்காளிகளுக்கும் இந்தி பேசுகிறவர்களுக்கும் அடுத்து. வண்டிக்காரர் ஐம்பதைத் தாண்டியவர். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். மகன் பிறந்தது இங்கே. சாமான் சப்ளை வேலைக்காக டிக்லிபூருக்கும் ரங்கத்துக்கும் இடையே வாரம் ஒருமுறை மோட்டார் சைக்கிளில் போய்வருகிறார். வலது கைப்பிடியில் அந்தக் கறுப்புத் தகடு. சென்னையில் படிக்கும் பையன் வாங்கி அனுப்பியதாம். “இது என்ன அண்ணாச்சி?” என்றதற்கு, “கைக்கட்டை சார். ஒங்க ஊர் ரோட்டுக்குச் செஞ்சது. இங்க பாதி வழிக்கு ஆகும்” என்றார்.

மறுநாள் அவரோடு ரங்கத்துக்குக் கிளம்பினேன். வழியெல்லாம் மாறி மாறி ஓட்டுவதாக ஏற்பாடு. இங்கே பயணம் என்றால் விடிகாலைதான். கடிகாரம் இந்திய நேரம் காட்டுகிறது. சூரியனோ சுமார் 40 நிமிடம் முன்னால் இருக்கிறது. டிசம்பரில் மாலை ஐந்து மணி சுமாருக்கே பொழுது சாய்ந்துவிடும். இருட்டில் இந்தச் சாலையை ஓட்ட அண்ணாச்சி தயாராக இல்லை.

பாதி வழி என்று அவர் சொன்னது சரிதான். டிக்லிபூரிலிருந்து ஆஸ்டின் ஜலசந்தியின் செங்கப்பா பாலம் வரை சாலை வளைந்துகொண்டேயிருக்கிறது. கிளம்புமுன் அவர் தகட்டை முன்பக்கமாகச் சுழற்றி, கைக்கு எட்டாமல் வைத்துவிட்டார். காரணத்தை நானே சோதித்துப் பார்த்தேன். அதைப் பின்னால் திருப்பிக்கொண்டு ஒரு கொண்டையூசி வளைவில் நுழைந்தால், பிரேக்குக்காக விரல்கள் நீளும்போது உள்ளங்கை தன்னையறியாமல் கீழே அழுந்துகிறது. பிரேக் போடும் அதே கை ஆக்ஸிலேட்டரையும் கொடுக்கிறது! எஞ்சின் ஓட வண்டியைத் தள்ளித் திருப்பும்போதும் இதேதான். நெடுஞ்சாலையில் நண்பனாக இருக்கும் தகடு வளைவில் சதி செய்கிறது. போதாததற்கு நெடுஞ்சாலையைப் புதுப்பிக்கும் வேலை துண்டு துண்டாக நடந்திருக்கிறது. கன்னம் போன்ற தார் சாலை ஒரு திருப்பத்தில் முன்னறிவிப்பில்லாமல் ஜல்லியாக மாறும்.

பில்லிகிரவுண்ட் தாண்டிக் கடலோரம் வந்ததும் காட்சி மாறியது. தானி நல்லா சதுப்பு நிலக் காடு, மோரிஸ்தேரா பாறைகள், ஆம்குஞ்ச் கடற்கரை. இடதுபக்கம் கடல் கூடவே வருகிறது. சாலை நேராகிறது, எதிரே வண்டி வருவதே அபூர்வம். அண்ணாச்சி தகட்டைப் பின்னால் திருப்பினார். என் முறை வந்தபோது விரல்களைத் தளர்த்தி, கையின் எடையை மட்டும் அதன்மேல் வைத்தேன். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முன்கைத் தசை பத்து நிமிடத்தில் இளகியது. சாதனத்தில் ஏமாற்று எதுவும் இல்லை. சரியான சாலையில் அது சொன்னதைச் செய்கிறது.

ஆனால் வலியின் பெரும்பங்குக்கு வேறு மருந்து இருக்கிறது என்பது அவர் கட்சி. வண்டியை நிறுத்தி, ஆக்ஸிலேட்டர் கேபிளைக் காட்டினார். வருடத்தில் பாதிக்கு மேல் மழை, மீதிக்கு உப்புக் காற்று. கேபிள் உள்ளே துருப்பிடித்து இறுகினால் முறுக்குவதற்கே கூடுதல் பலம் வேண்டும். அந்த பலம் மணிக்கட்டிலிருந்துதான் வர வேண்டும். மாதம் ஒருமுறை கேபிளுக்கு எண்ணெய் விடுகிறார். கைப்பிடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆட்டம் இருக்கும்படி வைக்கிறார். “கேபிள் ஒட்டிக்கிட்டா ஸ்பிரிங் என்ன சார் செய்யும்?” என்றார். துருப்பிடித்த கேபிளும் பூட்டும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. பூட்டு ஜாதியை இந்தத் தீவில் யாரும் மாட்டக் கூடாது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். தகட்டைப் பற்றி அவ்வளவு கறாராக இருக்க வேண்டியதில்லை. கழற்றத் தெரிந்தவர்கள் மாட்டலாம்.

ரங்கத் கடைத்தெருவை நாங்கள் அடைந்தபோது மாடுகளும் ஆட்டோக்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் சாலையை நிறைத்திருந்தார்கள். அண்ணாச்சி ஊர் எல்லையிலேயே வண்டியை நிறுத்தி, தகட்டை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியை விட்டுப் போனால் பையன்கள் அதைத் திருகிப் பார்ப்பார்களாம். தொலைந்தால் அடுத்தது சென்னையிலிருந்துதான் வர வேண்டும்.