முதல் போல்ட்டுக்கு ஒரு கம்பு: சில குறிப்புகள்

இடுப்பில் கயிறு கட்டியாயிற்று, கீழே பிலே பிடிக்க, அதாவது விழுந்தால் கயிற்றை நிறுத்த, ஆள் நிற்கிறார். இருந்தாலும் முதல் போல்ட்டில் கயிறு மாட்டும் வரை அந்தக் கயிற்றால் ஒரு பயனும் இல்லை. பாறையில் அடித்த முதல் போல்ட் மூன்றரை, நான்கு மீட்டர் உயரத்தில் இருப்பது சாதாரணம். கை நீட்டி அதைத் தொடும்போது பாதம் தரையிலிருந்து ஏறக்குறைய 2 மீட்டர் மேலே இருக்கும். அங்கே பிடி நழுவினால், தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். கீழே மெத்தை கிடையாது. உருண்டைக் கல்லும் முள்ளும் சரிவும்தான். கணுக்கால் முறிவதற்கு இந்த உயரமே போதும்.

இதற்கு மருந்து ஸ்டிக் கிளிப். நீளக் கம்பின் நுனியில் குவிக்டிராவை, அதாவது நாடாவால் இணைத்த இரண்டு காரபைனர் கொக்கிகளை, பிடித்து வைக்க ஒரு தலை. கயிற்றை முன்பே குவிக்டிராவின் கீழ்க் காரபைனரில் போட்டுவிட்டு, தரையில் நின்றபடியே மேல் காரபைனரை போல்ட்டில் உள்ள துளையிட்ட தகட்டில், அதாவது ஹேங்கரில், மாட்டிவிடலாம். மாமரத்தடியில் தொரட்டி பிடித்துப் பழகியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

—

எங்கள் பக்கத்து அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி மூன்றும் ஏரிப் பூமி. பாறை என்று சொல்ல ஒன்றும் இல்லை. கயிறு கட்டி ஏற வேண்டும் என்றால் கர்நாடகம் போகிறோம்: ராமநகராவின் கருங்கல், பாதாமியின் சிவப்பு மணற்கல். ஆகவே கம்பு வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது விரித்த நீளத்தை அல்ல, மடக்கிய நீளத்தை. ரயிலில் பெர்த்துக்கு அடியில் போக வேண்டும், பிறகு பேருந்தில் காலிடுக்கில் நிற்க வேண்டும். மடக்கினால் ஒரு மீட்டருக்குச் சற்றுக் கூடுதல், விரித்தால் மூன்றரை மீட்டர் என்றால் போதும். கையைத் தூக்கிப் பிடித்தால் நுனி ஐந்து மீட்டரைத் தாண்டிவிடும். அதற்கு மேல் நீளமான கம்பு நுனியில் ஆடும். ஹேங்கரின் துளை விரல் அகலம்தான். ஆடுகிற நுனியை வைத்து அதைத் தேடுவதற்குள் தோள் சோர்ந்துவிடும்.

—

அம்பத்தூர் ஓ.டி. பெயிண்ட் கடைகளில் ரோலர் மாட்டும் மடக்குக் கம்பு கிடைக்கிறது. அலுமினியத்திலும் உண்டு, ஃபைபரிலும் உண்டு. கடையிலேயே முழுக்க விரித்து, நுனியில் ஒரு குவிக்டிராவைத் தொங்கவிட்டு, செங்குத்தாகத் தூக்கிப் பார்க்க வேண்டும். கடைக்காரர் என்ன நினைத்தாலும் பரவாயில்லை. முறுக்கிப் பூட்டும் கம்பு புதிதில் நன்றாக இருக்கும். மணற்கல் தூசி உள்ளே போனதும் வழுக்கி இறங்கத் தொடங்கும். நெம்புகோல் போல அழுத்திப் பூட்டும் வகை தூசியைத் தாங்குகிறது, திருகாணியை இறுக்கிச் சரிசெய்யவும் முடிகிறது. என் தேர்வு அதுதான்.

—

தலைக்கு வருவோம். வெளிநாட்டில் ஆயத்தமாகவே விற்கிறார்கள்: டிராங்கோவின் ஸ்குவிட், பீட்டா ஸ்டிக் என்று பல. ஸ்குவிட் மாட்டுவதோடு, மாட்டியதைக் கழற்றவும் செய்யும். வழியில் பாதியில் திரும்ப நேர்கிறவர்களுக்கு அது பெரிய உதவி. வெளிநாட்டிலிருந்து வருபவரிடம் வாங்கிவரச் சொல்வது ஒரு வழி.

இன்னொரு வழி இங்கேயே இருக்கிறது. அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? படம் வரைந்து எடுத்துப் போனேன். நைலான் கட்டையில் ஒரு பள்ளம், காரபைனரின் வாயைத் திறந்து பிடிக்க இரண்டு கொம்பு, கம்பில் செருக ஒரு துளை. பட்டறை அண்ணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முதல் கேள்வி: "லோடு எவ்ளோ சார் வரும்?"

"லோடே கிடையாதுண்ணே. மாட்டிட்டு வெளியே வந்துரும்."

"ஆள் இதுல தொங்க மாட்டாங்களே?"

"மாட்டாங்க."

"அப்போ செய்யலாம். தொங்குறதா இருந்தா நான் தொட மாட்டேன், அதுக்கு டெஸ்ட் சர்ட்டிஃபிகேட் வேணும்."

அவர் பாறைப் பக்கமே போனதில்லை. இந்தக் கருவியைப் பற்றி நான் சொல்ல நினைக்கிற எல்லாமே அவர் கேட்ட அந்த இரண்டு கேள்விக்குள் இருக்கிறது. மூட்டையில் உள்ள சாமான்களில் உடல் எடையைத் தாங்காதது ஸ்டிக் கிளிப்தான். அதனால் அதை நாமே செய்யலாம், மாற்றலாம், டேப் சுற்றலாம். கயிறு, ஹார்னெஸ், காரபைனர், குவிக்டிரா எதிலும் இந்த உரிமை நமக்கு இல்லை. காரபைனர் நீளவாக்கில் குறைந்தது 20 கிலோநியூட்டன் தாங்க வேண்டும் என்கிறது ஐரோப்பியத் தரம். எவ்வளவு தாங்கும் என்பது அதன் உடம்பிலேயே பொறித்திருக்கும். வாய் திறந்த நிலையில் அதே காரபைனருக்குக் கேட்கப்படுவது வெறும் 7.

—

இந்த 7 என்ற எண்ணால்தான் பழைய குச்சி வித்தை எனக்குப் பிடிக்கவில்லை. எந்தத் தலையும் இல்லாதவர்கள் குவிக்டிராவைக் கம்பில் டேப்பால் ஒட்டி, காரபைனரின் வாயில் ஒரு சுள்ளியைச் சொருகித் திறந்து வைப்பார்கள். ஹேங்கரில் மாட்டிக் கீழே இழுத்தால் சுள்ளி விழுந்துவிட வேண்டும். பெரும்பாலும் விழுகிறது. விழாமல் சிக்கிக்கொண்டால் வாய் திறந்தே கிடக்கும், தரையிலிருந்து பார்த்தால் தெரியாது. அவசரத்துக்கு இதைச் செய்கிறவர்கள், வாய் மூடியதைக் கண்ணால் பார்க்காமல் ஏறக் கூடாது. செல்போன் கேமராவைப் பெரிதாக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

குவிக்டிராவில் ரப்பர் மாட்டும் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2013 ஜூலையில் பிரான்சின் ஓர்பியேரில், டிட்டோ திராவெர்சா என்ற 12 வயது இத்தாலியச் சிறுவன் விழுந்து இறந்தான். அந்த வயதிலேயே உலகம் கவனித்த ஏறுபவன். குவிக்டிராக்கள் பலவற்றில் காரபைனர் நாடாவுக்குள் கோக்கப்படாமல், அதை அசையாமல் வைக்கும் சிறு ரப்பரில் மட்டும் நின்றிருக்கிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கும். ஸ்டிக் கிளிப்புக்காக என்று குவிக்டிராவில் ரப்பர் பேண்ட் சுற்றி விறைப்பாக்கும் பழக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் பிள்ளைதான் நினைவுக்கு வருகிறான். விறைப்பு வேண்டுமா, கம்பின் தலையில் வையுங்கள். குவிக்டிராவைத் தொடாதீர்கள்.

—

இரண்டாவது போல்ட். இதைத்தான் பலர் யோசிப்பதில்லை.

முதல் போல்ட் 3 மீட்டரில், இரண்டாவது 5 மீட்டரில் என்று வைத்துக்கொள்வோம். இடுப்பு 4 மீட்டரில் இருக்க, தலைக்கு மேல் கை நீட்டி இரண்டாவதில் மாட்டக் கயிற்றை இழுக்கிறோம். முதல் போல்ட்டிலிருந்து கை வரை 2 மீட்டர் கயிறு, கையிலிருந்து இடுப்பு வரை 1 மீட்டர். ஆக மொத்தம் 3 மீட்டர். அந்த நொடியில் விழுந்தால் இடுப்பு முதல் போல்ட்டுக்குக் கீழே 3 மீட்டர் போன பிறகுதான் கயிறு இறுகும். அதாவது தரைமட்டம். கால் அதற்கு வெகு முன்பே தரையில் மோதியிருக்கும். கயிற்றின் நீட்சியை நான் இன்னும் கணக்கில் சேர்க்கவே இல்லை.

எனவே முதல் இரண்டுக்கும் நடுவே கடினமான நகர்வு இருந்தால், இரண்டாவதையும் கம்பாலேயே மாட்டிவிடுவது நல்லது. கம்பு எட்டவில்லை என்றால், இரண்டாவது போல்ட் இடுப்புக்கு நேராக வரும் வரை ஏறிவிட்டு மாட்ட வேண்டும். கம்பால் மாட்டுவதை ஏமாற்று வேலை என்று சொல்கிறவர்கள் உண்டு. தரையிலிருந்து ஒவ்வொன்றாக மாட்டி ஏறுவதுதான் வீரம் என்பது அவர்கள் எண்ணம். தங்கள் காலுக்கு அவர்கள் அப்படி முடிவு செய்துகொள்ளட்டும். புதிதாக வருகிற பிள்ளைகளிடம் அதைச் சொல்லக் கூடாது.

—

ஒன்று மறந்துவிடப் போகிறது: அம்பத்தூர், ஆவடி ஸ்டேஷன்களில் தலைக்கு மேலே போகிற மின்கம்பி 25,000 வோல்ட். நடைமேடையிலோ நடைமேம்பாலத்திலோ கம்பை விரித்துக் காட்டும் ஆசையே வரக் கூடாது. அலுமினியம் என்றால் கேட்கவே வேண்டாம். ஃபைபராக இருந்தாலும் மடக்கி உறைக்குள்ளேயே இருக்கட்டும்.

—

பாதாமி என்றால் நமக்கு வாதாபி. நரசிம்மவர்மப் பல்லவனின் படை 642இல் பிடித்த ஊர். குடைவரைகளும் கோட்டையும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளவை, அந்தப் பாறைகளில் கை வைக்கக் கூடாது. போல்ட் அடித்த வழிகள் அவற்றுக்கு வெளியே தனியாக இருக்கின்றன. மணற்கல் மழைக்குப் பின் ஈரம் காயும் வரை வலுக் குறைந்திருக்கும். ஈரப் பாறையில் பிடி உடைந்து கையோடு வரலாம், முதல் போல்ட்டுக்குக் கீழேயும்தான். மழை முடிந்து நன்றாகக் காய்ந்து, வெயில் ஏறுவதற்கு முன், நவம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை போவது சரி.

இந்த முறை மூட்டையில் புதிதாகச் சேர்ப்பவை: நைலான் தலை இரண்டு, ஒன்று உடைந்தால் மாற்ற. கம்பின் பூட்டை இறுக்க ஒரு ஆலன் சாவி. தூசி துடைக்கப் பழைய பனியன் துணி. பட்டறை அண்ணனின் மகன் ஒன்பதாவது படிக்கிறான், கூட வரட்டுமா என்று கேட்டிருக்கிறார். அவன் இடுப்பளவுக்கு ஒரு ஹார்னெஸ் வாங்க வேண்டும், கடையிலிருந்து, தரமுத்திரை பார்த்து.