கொல்லைப்புறத்துத் தக்காளி

கும்பகோணத்திலிருந்து மன்னார்குடி செல்லும் வழியில், குடமுருட்டி ஆற்றங்கரையில் இருக்கிறது வலங்கைமான். மகாகனம் சீனிவாச சாஸ்திரியார் 1869-ல் பிறந்த ஊர். பங்குனி மாதத்துப் பாடைக் காவடியால் நாடறிந்த ஊர். அந்தப் பெருமைகளை எடுத்துரைக்க வேறு பலர் உண்டு. நான் சொல்ல வந்தது இவ்வூர் வீடுகளின் கொல்லைப்புறத்தில் விளையும் ஒரு பழத்தைப் பற்றி.

நெல்லைத் தவிர வேறு பயிரை அவ்வளவாக மதிக்காத பூமி இது. களிமண் வயல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை. தக்காளியோ வேரில் நீர் தேங்கினால் தலை சாய்த்துவிடும் செடி. ஆகையால் மழை ஓய்ந்து மார்கழிப் பனி இறங்கும்போது, மேட்டுப் பாத்தி கட்டி, ஆற்று மணலும் மக்கிய சாணமும் கலந்து நாற்றை நடுகிறோம். மாசியில் பழுக்கும். இரவிலும் வெப்பம் தணியாத சித்திரை வந்துவிட்டாலோ, பூக்கள் பிஞ்சாகாமல் உதிரும்.

நாட்டுத் தக்காளி அழகில் சேர்த்தியில்லை. பூசணியைப்போல் வரிவரியாகத் தட்டையாக இருக்கும். மெல்லிய தோல், ஒரு மழைக்கே வெடித்துவிடும். ஆனால் வெயிலில் சூடேறிய பழத்தைப் பறித்தவுடன் கடித்துப் பாருங்கள்! முதலில் பல் கூசும் புளிப்பு. அதன் பின்னே மெல்ல வரும் இனிப்பு. விரல்களிலோ நெடுநேரம் இலையின் மணம். இதை ரசத்தில் போட்டால் புளியைப் பாதியாகக் குறைக்கலாம்.

“நாட்டுத் தக்காளி என்கிறீர்களே, ஸார், எந்த நாடு?” என்று என் மாணவன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். இதன் பிறப்பிடம் தென்னமெரிக்கா. பயிராக வளர்ந்தது மெக்ஸிகோவில். ஐரோப்பியர் அங்கே சென்ற பிறகே கடல் கடந்து வந்தது. நமக்கு ஆதியில் உரிய தக்காளி மணத்தக்காளியே. புதிதாக வந்ததைச் சீமைத் தக்காளி என்றார்கள். வைதிக வீடுகளில் சிராத்தச் சமையலுக்குள் இன்றும் அதற்கு அனுமதி கிடையாது. என்றாலும், தலைமுறை தலைமுறையாக நம் வீட்டுப் பெண்கள் விதையெடுத்து வளர்த்ததால் இம்மண்ணுக்குச் சொந்தமாகிவிட்டது.

கடைத்தெருவில் இப்போது குவிந்து கிடப்பது பெரும்பாலும் வீரிய ஒட்டு ரகம். லாரிப் பிரயாணத்தைத் தாங்குவதற்கென்றே தடித்த தோல். காம்பைச் சுற்றிப் பச்சை படராமல், ஒரே சீராகப் பழுக்கும்படி செடி வளர்ப்போர் பல்லாண்டுகளாகத் தேர்ந்தெடுத்து வந்தனர். அந்தப் பச்சையை உண்டாக்கும் மரபணுவே காயில் சர்க்கரை சேரவும் உதவுகிறது என்பதை 2012-ல் ‘ஸயன்ஸ்’ பத்திரிகையில் வெளியான ஆராய்ச்சி காட்டியது. குறை என்று நீக்கியதோடு ருசியிலும் ஒரு பங்கு போய்விட்டது! எதிர்வீட்டுப் பாட்டி அந்த ஆராய்ச்சியைப் படித்ததில்லை. “கடைப் பழம் சிவப்பாத்தான் இருக்கு, வாத்தியாரே; பழமாத்தான் இல்லே” என்பார்.

ஒட்டு ரகத்தின் விதையை எடுத்து விதைத்தால் தாயைப் போன்ற பிள்ளை வராது; ஆண்டுதோறும் காசு கொடுத்து வாங்கவேண்டும். நாட்டு ரகம் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் குணம் மாறுவதில்லை. பெரியகுளத்தில் உருவாகிப் பெயர்பெற்ற பி.கே.எம். 1 ரகமும் அண்ணஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியினின்று தோன்றியதே. அந்த உள்ளூர் விதை எவர் வீட்டிலும் இல்லாது போயிருந்தால்?

எங்கள் தெருவில் இவ்விதையைக் காப்பவர் இப்போது இருவரே, பாட்டியும் நானும். அவருக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நோயற்ற செடியில் நன்கு கனிந்த பழத்தைப் பிழிந்து, சாற்றோடு இரண்டு நாள் புளிக்கவைத்து, வழுவழுப்பு நீங்க அலசி, நிழலில் உலர்த்தி, சாம்பல் கலந்து முடிந்து வைக்க அவரிடந்தான் கற்றுக்கொண்டேன். விதைக்கென்று விட்ட பழத்தின் காம்பில் அவர் ஒரு மஞ்சள் நூலைக் கட்டுவார். அதைத் தொடத் தெருப் பிள்ளைகளுக்குத் துணிவு கிடையாது. அணிலுக்கு மட்டும் உண்டு.