பிறந்தகத்துப் பந்தயம்

பிறந்தகமா, புக்ககமா என்ற வழக்கு இத்தாலி தேசத்து ஸியேனா நகரத்தில் வருஷத்துக்கு இரண்டு தடவை முற்றிவிடுகிறது!

ஜூலை 2, ஆகஸ்ட் 16 ஆகிய தினங்களில், சிப்பி வடிவமான நகர மைதானத்தைச் சுற்றிக் குதிரைப் பந்தயம். ஊரில் 17 பேட்டைகள்; ஒவ்வொரு தடவையும் பத்துப் பேட்டைகளின் குதிரைகள் ஓடும். மூன்றே சுற்று, ஒன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடும். பரிசு, சித்திரம் தீட்டிய ஒரு பட்டுத் துணி. ஓடுவது குதிரையானாலும், பேட்டைகளின் பெயரைக் கேளுங்கள்: ஆமை, நத்தை, கம்பளிப்புழு! ஆமைக்கும் நத்தைக்கும் தீராப் பகை வேறு.

வெவ்வேறு பேட்டைத் தம்பதிகள் பந்தயச் சமயத்தில் அவரவர் பிறந்த பேட்டைக்குப் போய்விடுவதுண்டு. பிறகு, குழந்தை எந்தப் பேட்டை என்று ஒரு வழக்கு! முடிவானதும் பேட்டையின் நீரூற்றடியில் தீர்த்தம் தெளித்து, பேட்டை வர்ணத் துணியைக் குழந்தையின் கழுத்தில் கட்டுகிறார்கள். அன்று முதல் அது பேட்டைக்கே குழந்தை. வளர்ந்ததும் கொடி வீசவும் முரசு கொட்டவும் பெரியவர்கள் கற்றுத் தருகிறார்கள். பந்தயத்துக்கு முந்தின இரவு தெருவிலே நீள மேஜைகள் போட்டு, கிழவர் முதல் குழந்தை வரை பேட்டையே ஒன்றாகச் சாப்பிடுகிறது.

2020, 2021 ஆண்டுகளில் கொரோனாவால் பந்தயம் நின்றது, பேட்டை கலையவில்லை.

பட்டு என்றால் நமக்கும் ஆசைதான். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத நமக்குப் பொறாமை தருவது, அந்தத் தெருப் பந்தி அல்லவா?