சர்வர் ரூம் சாவி யாரிடம்?

தாம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். அங்கே கம்ப்யூட்டர் பிளாக்கின் தரைத்தளத்தில், மாடிப்படியை ஒட்டி ஒரு சின்ன அறை. கதவில் 'அனுமதி இல்லை' என்று ஒரு பலகை. கதவுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு மர ஸ்டூல், ஸ்டூல் மேல் நூல் கட்டிய பேனாவோடு ஒரு நீள நோட்டு. நாற்காலியில் வாட்ச்மேன் தாத்தா. மாணவர்கள் எல்லோருக்கும் அவர் தாத்தாதான். சாவிக்கொத்து எப்போதும் அவர் இடுப்பில்தான் தொங்கும்.

ஒரு நாள் சாயங்காலம் மூத்த பேராசிரியர் ஒருவர் யாரோ ஒருவரை அழைத்துக்கொண்டு வேகமாக வந்தார். "கதவைத் திறப்பா."

"பேரு, நேரம் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க சார். கூட வந்தவர் பேரையும் எழுதணும்."

"என்னைத் தெரியாதா உனக்கு?"

"எனக்குத் தெரியும் சார். நோட்டுக்குத் தெரியாதே!"

பேராசிரியரின் முகம் சிவந்துவிட்டது. ஆனாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உள்ளே போனார். ஒரு வாரம் கேண்டீனில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். ஆனால் கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டும் டேட்டா சென்டர்களின் பாதுகாப்பும் கடைசியில் இந்த ஒரு பதிலில்தான் நிற்கிறது என்பது அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

சரி, அந்த அறைக்குள் அப்படி என்னதான் இருக்கிறது? இரும்பு ரேக்கில் நாலைந்து பெட்டிகள், பச்சையாக மினுக்கும் விளக்குகள், நீல ஒயர்கள், சதா உறுமும் ஏ.சி. பார்க்க ஒன்றுமில்லை. ஆனால் வருகைப் பதிவு, இன்டர்னல் மார்க், கட்டணக் கணக்கு எல்லாம் அதற்குள்தான். 'பாஸ்வேர்டு இருக்கிறதே, அப்புறம் பூட்டு எதற்கு?' என்று கேட்கலாம். பாஸ்வேர்டு என்பது வாசல் வழியாக வருபவனிடம் கேட்கும் கேள்வி. இயந்திரத்தின் மேல் நேரடியாகக் கை வைக்க முடிந்தவனுக்கு வாசல் தேவையே இல்லை. ஒரு பென் டிரைவை செருகி வேறு சிஸ்டத்தில் பூட் செய்து பழைய பாஸ்வேர்டை மாற்றிவிடலாம். ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டு போகலாம். கீபோர்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் விரல் நுனி அளவு கருவியை மாட்டி, தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் பதிவு செய்யலாம். ஒன்றும் தெரியாதவன்கூட ஒயரைப் பிடுங்கலாம்! டிஸ்க்கை என்க்ரிப்ட் செய்து வைத்திருந்தால் திருடியவனால் படிக்க முடியாதுதான். ஆனால் போன இயந்திரம் போனதுதானே, வேலை நின்றது நின்றதுதானே. 2000ஆம் ஆண்டு மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட புகழ்பெற்ற பத்துப் பாதுகாப்பு விதிகளில் ஒன்று இதையே சொன்னது: உங்கள் கம்ப்யூட்டரின் மேல் கெட்டவன் இஷ்டத்துக்குக் கை வைக்க முடிந்தால், அது அதற்குப் பிறகு உங்களுடையது அல்ல.

தாத்தாவின் ஸ்டூலை அப்படியே பெரிதாக்கிப் பார்க்க வேண்டுமென்றால் ரொம்ப தூரம் போக வேண்டாம். கிழக்குத் தாம்பரத்தில் பஸ் ஏறி மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாக பழைய மகாபலிபுரம் சாலையைத் தொட்டால் போதும். வடக்கே போனால் பெருங்குடி எல்காட் வளாகம். தமிழ்நாடு அரசின் மாநிலத் தரவு மையம் அங்கேதான். தெற்கே போனால் சிறுசேரி சிப்காட் பூங்கா. ஜன்னலே இல்லாத பெரிய பெரிய கட்டடங்கள். கடலுக்கடியில் வரும் கேபிள்கள் சென்னையில் கரையேறுவதால், இந்தப் பக்கம் டேட்டா சென்டர்கள் பெருகிக்கொண்டே போகின்றன.

அவற்றுக்குள் நுழைவது வெங்காயத்தை உரிப்பது போல. முதலில் காம்பவுண்டு கேட். அடையாள அட்டை, வண்டிச் சோதனை. அடுத்து வரவேற்பறை. முன்கூட்டியே அனுமதிப் பட்டியலில் பெயர் இருந்தால்தான் பாஸ். அப்புறம் கார்டு, அதோடு விரல் ரேகை அல்லது கண்ணின் கருவிழி. அதற்கும் உள்ளே, இரண்டு கதவுகளுக்கு நடுவில் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு ஒரு கூண்டு. பின் கதவு மூடினால்தான் முன் கதவு திறக்கும். ஒரு கார்டுக்கு ஒரு ஆள், அவ்வளவுதான். அதைத் தாண்டினால் கம்பி வலைத் தடுப்பு. கடைசியாக ரேக்குக்கே ஒரு பூட்டு. ஒவ்வொரு அடியும் கேமராவில். தகவல் பாதுகாப்புக்கான ஐ.எஸ்.ஓ. 27001 தரத்தின் 2022 பதிப்பில் மொத்தம் 93 கட்டுப்பாடுகள். அதில் 14 இந்த மாதிரி கதவு, சுவர், கேபிள், கேமரா சமாச்சாரம்தான்.

இவ்வளவு இருந்தும் எங்கே ஓட்டை விழுகிறது? பெரும்பாலும் நல்ல குணத்தில்தான்! பின்னால் ஒருவர் இரண்டு கையிலும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறார். கதவைப் பிடித்துக்கொண்டு 'வாங்க சார்' என்பதுதான் மரியாதை. வீட்டில் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். ஆனால் அந்த மரியாதை வழியாகத்தான் கார்டு இல்லாதவன் உள்ளே வருகிறான். ஏ.சி. மெக்கானிக் சட்டை, கையில் ஒரு ஸ்பேனர் பை... இவை இருந்தால் யாரும் நிறுத்துவதில்லை. துடைப்பத்தோடு வருபவரின் முகத்தையோ யாரும் பார்ப்பதே இல்லை.

அடுத்த ஓட்டை கரண்ட். கார்டு காட்டினால் திறக்கும் கதவுகளில் பலவற்றில் இருப்பது மின்காந்தப் பூட்டு. கரண்ட் இருக்கும்வரை கதவை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். கரண்ட் போனால் விட்டுவிடும். இது கோளாறு இல்லை, வேண்டுமென்றே செய்தது. தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர் வெளியே ஓட வேண்டும் அல்லவா? பல சர்வர் அறைகளில் தீயை அணைக்கத் தண்ணீருக்குப் பதில் வாயுவைத்தான் பாய்ச்சுவார்கள். அங்கே ஆள் மாட்டிக்கொள்ளவே கூடாது. ஆனால் சின்ன அலுவலகங்களில் சர்வருக்கு யு.பி.எஸ். கொடுப்பார்கள், கதவுப் பூட்டுக்கு பேட்டரி கொடுக்க மறந்துவிடுவார்கள். விளைவு, பவர் கட் ஆனதும் சர்வர் ஓடும், கதவு திறந்து கிடக்கும். போதாக்குறைக்கு அக்னி நட்சத்திரத்தில் ஏ.சி. படுத்துவிட்டால், கதவைத் திறந்து ஒரு செங்கல்லை முட்டுக்கொடுத்து டேபிள் ஃபேனைத் திருப்பி வைப்பார்கள். பல ஆயிரம் ரூபாய்ப் பூட்டு, ஒரு செங்கல்லுக்கு முன்னால் தோற்றுப்போகும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, 'என்னைத் தெரியாதா?' என்ற அந்தக் கேள்வி.

2019 நாடாளுமன்றத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல் 18 வாக்குப்பதிவு. மதுரையில் வாக்குப்பதிவு இயந்திரங்களையும் ஆவணங்களையும் மதுரை மருத்துவக் கல்லூரியில் வைத்திருந்தார்கள். இயந்திரங்கள் இருக்கும் ஸ்ட்ராங் ரூமுக்கு எத்தனை காவல் என்று எல்லோருக்கும் தெரியும். பூட்டு, அரக்கு முத்திரை, கேமரா, சுற்றிலும் போலீஸ், துணை ராணுவம். அப்படி இருந்தும் இரண்டே நாளில், ஏப்ரல் 20 அன்று, ஒரு பெண் அதிகாரி தேர்தல் ஆவணங்கள் இருந்த அறைக்குள் உரிய அனுமதி இல்லாமல் போய்வந்தது வெளியே தெரிந்தது. அவர் சுவர் ஏறிக் குதிக்கவில்லை, பூட்டை உடைக்கவில்லை. அவர் அதிகாரி, அவ்வளவுதான். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. அதிகாரி சஸ்பெண்ட் ஆனார், மாவட்ட ஆட்சியரும் மாற்றப்பட்டார். அந்த வாசலில் 'நோட்டுக்குத் தெரியாதே மேடம்' என்று சொல்ல ஒரு ஆள் இருந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்குமா?

இதுவரை சொன்னது தடுக்கும் கதை. கதவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. வர வேண்டியவரை, வர வேண்டிய நேரத்தில் உள்ளே விட வேண்டும். இதைத்தான் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

2021 அக்டோபர் 4. ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் உலகம் முழுக்க ஏறக்குறைய ஆறு மணி நேரம் படுத்துவிட்டன. பராமரிப்பு வேலையின்போது போன ஒரு தவறான கட்டளை அவர்களின் டேட்டா சென்டர்களையே இன்டர்நெட்டிலிருந்து துண்டித்துவிட்டது. தூரத்திலிருந்து சரிசெய்ய வழியில்லை, நேரில் போயாக வேண்டும். அங்கேதான் வேடிக்கை. யாரும் சுலபமாக நுழைய முடியாதபடி கட்டிய கட்டடம், சரிசெய்ய வந்த சொந்த இன்ஜினியர்களுக்கும் சுலபமாகத் திறக்கவில்லை. அந்தக் கெடுபிடியால் வேலை தாமதமானதை அந்த நிறுவனமே பிறகு எழுதியது.

கலிஃபோர்னியா கதை எதற்கு, தாம்பரத்துக்கே இது தெரியும். 2015 டிசம்பர் 1. அன்று காலையிலிருந்து மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கமெல்லாம் தண்ணீர். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். 1878ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழின் சென்னைப் பதிப்பு மறுநாள் அச்சாகவில்லை. மறைமலை நகரில் அச்சகம் இருந்தது, ஆனால் அச்சிட வேண்டிய தொழிலாளர்களால் அங்கே போய்ச் சேர முடியவில்லை. பூட்டும் சாவியும் பத்திரம். வர வேண்டிய ஆள்தான் வெள்ளத்துக்கு அந்தப் பக்கம்!

அந்த ராத்திரி அந்தக் கல்லூரியிலும் அதே கதைதான். ராத்திரி டியூட்டிக்கு வர வேண்டியவர் முடிச்சூர்க்காரர், வர முடியவில்லை. தாத்தா வீட்டுக்குப் போகவில்லை. கரண்ட் எப்போதோ போய்விட்டது. சர்வர் ரூமுக்குள் யு.பி.எஸ். மட்டும் கத்திக்கொண்டிருந்தது. வராந்தாவின் கடைசிப் படி வரை தண்ணீர். போன் யாருக்கும் போகவில்லை. சாவி அவரிடம்தான் இருந்தது. ஆனால் உள்ளே போகும் அனுமதி அவருக்கு இல்லை! இத்தனை வருடம் அடுத்தவருக்குக் கதவைத் திறந்துவிட்டவர், ஒரு தடவைகூட அந்த அறைக்குள் கால் வைத்ததில்லை. உள்ளே போனால் வேலை போகலாம். ஏதாவது ஒன்று தொலைந்தால் பழி முதலில் அவர் மேல்தான் விழும், அதுவும் அவருக்குத் தெரியும்.

திறந்தார். யு.பி.எஸ்.ஸை நிறுத்தினார். கீழ்த்தட்டில் இருந்த பேக்கப் டிஸ்க் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மாடிக்குப் போய் ஒரு வகுப்பறை மேஜை மேல் வைத்தார். திரும்பி வந்து கதவைப் பூட்டினார்.

தண்ணீர் வடிந்து அலுவலகம் திறந்ததும் விசாரணை நடந்தது. 'யாரைக் கேட்டுத் திறந்தாய்?' அவர் பதில் சொல்லவில்லை, நோட்டை நீட்டினார். டார்ச் வெளிச்சத்தில் எழுதிய கோணல் எழுத்து. நேரம் போட்டு, 'தண்ணி வந்துடுச்சு. போன் கிடைக்கல. நானே திறந்தேன். பெட்டி மாடியில இருக்கு' என்று ஒரு வரி. பெயர் எழுதும் கட்டத்தில் அவர் பெயர். கீழே கையெழுத்து. வெளியேறிய நேரமும் விடாமல் எழுதியிருந்தார். கேள்வி அதோடு நின்றது.

அதற்குப் பிறகு நிர்வாகம் ஒரே ஒரு காரியம் செய்தது. இன்னொரு சாவியை உறைக்குள் போட்டு ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேல் இரண்டு பேர் கையெழுத்திட்டு, மாடியில் ஒரு பீரோவில் வைத்தார்கள். ஆபத்து நேரத்தில் கிழிக்கலாம். கிழித்தவர் இரண்டு பேராக இருக்க வேண்டும், நோட்டில் எழுத வேண்டும். பெரிய டேட்டா சென்டர்களிலும் இப்படி அவசர வழி ஒன்றை வைத்திருப்பார்கள். இங்கே அதற்கு ஒரு வெள்ளம் தேவைப்பட்டது.

இப்போது தாத்தா வேலையில் இல்லை. கதவில் விரல் ரேகைக் கருவி வந்துவிட்டது. பேராசிரியரோ மாணவரோ, அதற்கு எல்லோரும் ஒன்றுதான். நல்லதுதான். ஆனால் இன்னொரு 49 செ.மீ. மழை பெய்கிற ராத்திரி, பேட்டரியும் தீர்ந்த பிறகு, அந்தக் கதவருகே நின்று முடிவெடுத்து, எடுத்த முடிவுக்குக் கீழே தன் பெயரை எழுத ஒரு ஆள் வேண்டும். நாற்காலியும் ஸ்டூலும் இன்னும் அங்கேயேதான் கிடக்கின்றன.